எழுத்தை வைத்துச் சொல்லைப் பிடிப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

"ஆர், ஏ, ஜி மூன்றும் வருகிற ஆங்கிலச் சொல் சொல்லுங்கள்." குறுக்கெழுத்துப் போடுகிறவர்களும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்க ஒன்றாகத் தெரிந்தாலும் இதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எதைக் கேட்கிறோம் என்று பிரித்துக்கொள்ளாமல் தேடத் தொடங்கினால், கண் முன்னால் இருக்கிற சொல்கூடச் சிக்காது.

அந்த மூன்று எழுத்து மட்டும்தான் என்றால், கந்தல் துணியைக் குறிக்கும் 'ராக்'. முன்பின் எப்படி வந்தாலும் சரி, வேறு எழுத்துகள் சேர்ந்தாலும் சரி என்றால் 'சுகர்', 'கார்டன்'. அதே வரிசையில் ஒட்டியே வரவேண்டும் என்றால் 'டிராகன்', 'பாராகிராஃப்'. வரிசை மாறாமல் இடையில் மற்ற எழுத்துகள் நுழையலாம் என்றால் 'ரீடிங்'. 'சுகர்' இரண்டாவது கேள்விக்கு மட்டுமே தேறும். அதில் ஜி முந்திக்கொண்டு வருகிறது.

ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யும் இரண்டு 'டி'யும் காதில் ஒன்றுபோலவே விழும். அதனால் எழுத்தோடு முழுச் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காதை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் எழுதியபடி படிப்போம். ஆங்கிலத்தில் 'காஃப்', 'லாஃப்' இரண்டின் முடிவிலும் எஃப் ஒலி கேட்கிறது; எழுதுவதோ ஜி, எச். 'க' ஒலி சி, கே, க்யூ என்று பல வேடம் போடும். சொல்லை உச்சரித்துப் பார்த்துத் தேடினால் வழி தவறிவிடும்.

இனி, கையால் தேடுவது. ஏழு எழுத்தும் வெவ்வேறாக இருந்தால் அவற்றை 5040 விதமாக அடுக்கலாம். அத்தனையும் அடுக்கிப் பார்க்க யாராலும் முடியாது. எனவே பின்னொட்டை முதலில் பிரித்தெடுங்கள். ஜி, என், ஐ, கே, ஓ, ஓ, எல் கையில் இருக்கிறதா? ஐ, என், ஜி மூன்றையும் வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். மிச்சம் நான்கு எழுத்து, அதில் இரண்டு ஓ. 'லுக்கிங்' தானாக எழுந்து வரும். ஈயும் ஆரும், 'லுக்ட்' முடிவில் வருவதுபோல ஈயும் டியும் இருந்தாலும் இப்படியே ஓரம் கட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது அரிய எழுத்து. தேடலை அதிலிருந்து தொடங்குங்கள். க்யூ இருந்தால் பக்கத்தில் யூ அநேகமாக உண்டு. 'நிகாப்' போன்ற கடன் சொற்கள்தான் விலக்கு. வி எழுத்தில் முடியும் சொல் அரிது, பின்னால் ஓர் ஈ ஒட்டிக்கொள்ளும். சி, கே சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் வராது. எச் கிடைத்தால் சி, எஸ், 'மித்'தில் வரும் டி, 'பாராகிராஃப்'பில் வரும் பி, ஜி, டபிள்யூ ஆகியவற்றோடு ஜோடி சேர்த்துப் பாருங்கள். உயிரெழுத்தே இல்லையென்றால் ஒய்யைத் தேடுங்கள்: 'ரிதம்', 'மித்', காட்டுப்பூனை வகையான 'லின்க்ஸ்'.

ஒட்டியே வரவேண்டும் என்ற மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. டபிள்யூ, கே, டபிள்யூ என்று மூன்று மெய்கள் அடுத்தடுத்து வந்தால் ஆங்கிலச் சொல்லே இருக்காது என்று தோன்றும். ஆனால் 'ஆக்வர்ட்' இருக்கிறது, 'ஹாக்வீட்' என்ற செடியின் பெயரும் இருக்கிறது. 'ஹாக்வீட்' எப்படி உருவானது? 'ஹாக்' முடிகிற இடத்தில் 'வீட்' தொடங்குகிறது. வினோதமான மெய்க்கூட்டம் பெரும்பாலும் இப்படித் தையலில்தான் கிடைக்கும். எச், க்யூ சேர்ந்து வருவது 'எர்த்க்வேக்'. ஜி, என், பி என்பது 'சைன்போஸ்ட்'. ஆகவே கொத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் எந்தச் சொல்லின் வால், வலப்பக்கம் எந்தச் சொல்லின் தலை என்று பாருங்கள்.

ஒரே எழுத்துகளால் ஆன சொற்களைக் கூட்டமாகப் பிடிக்க அகர வரிசை உதவும். 'லிசன்' என்பதன் எழுத்துகளை வரிசைப்படுத்தினால் ஈ, ஐ, எல், என், எஸ், டி. 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' மூன்றும் இதே வரிசையைத் தரும். பட்டியலில் உள்ள எல்லாச் சொற்களையும் இப்படி ஒரு முறை வரிசைப்படுத்தி வைத்தால், பிறகு தேடுவது நொடி வேலை.

கணினியில் தேடுவதற்கு வரிக்கு ஒரு சொல் என்று எழுதிய பட்டியல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில், கேட்ட வடிவம் உள்ள வரிகளை மட்டும் சலித்துத் தரும் 'கிரெப்' கட்டளை போதும். அதில் புள்ளி ஏதோ ஓர் எழுத்தைக் குறிக்கும். புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் எத்தனை எழுத்தானாலும் சரி என்று பொருள். பலரும் தவறுவது இங்கேதான். ஆர், புள்ளி, நட்சத்திரம், ஏ, புள்ளி, நட்சத்திரம், ஜி என்று எழுதினால் அந்த வரிசையில் வருபவை மட்டும் கிடைக்கும், 'சுகர்' விடுபட்டுப்போகும். எல்லா வரிசையையும் எழுத மூன்று எழுத்துக்கு 6 வடிவம், ஐந்துக்கு 120. அந்த வேலை வேண்டாம். முதலில் ஆர் உள்ளவற்றைச் சலித்தெடுங்கள், அந்த விடையிலிருந்து ஏ உள்ளவை, பிறகு ஜி உள்ளவை. மூன்று சல்லடையில் முடிந்துவிடும்.

ஓர் எழுத்து இரண்டு தடவை வரவேண்டுமா? ஆர் சல்லடையை இரு முறை போட்டுப் பயனில்லை, ஒரே ஆர் இரண்டிலும் தேறிவிடும். 'ஆர், புள்ளி, நட்சத்திரம், ஆர்' என்றே எழுத வேண்டும். மறுபக்கமும் இதே சிக்கல்தான். கையில் பி, ஏ, என் தலா ஒன்று இருக்க, சொல்லின் எழுத்தெல்லாம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் 'பனானா'வும் வந்து நிற்கும். ஓர் எழுத்தைப் பயன்படுத்தியதும் அதை அடித்துவிட்டு மேலே போகவேண்டும். ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கிற 'வேர்டில்' (Wordle) ஆட்டத்தில் மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் தவறு; சாம்பல் என்றால் இல்லை. அங்கும் இதைக் கவனியுங்கள்: இரண்டு ஈ உள்ள சொல்லைப் போட்டு, ஒன்று மஞ்சளாகவும் மற்றது சாம்பலாகவும் வந்தால், விடையில் ஈ உண்டு, ஒன்றே ஒன்று.

ஐந்து எழுத்துச் சொல்லுக்கு ஐந்து புள்ளி மட்டும் வைத்தால் நீளமான சொற்களும் வரும். தொடக்கக் குறியாக மேல்நோக்கிய கூம்பும், முடிவுக் குறியாக டாலரும் போட்டாக வேண்டும். அவற்றைப் போட்டும் நான்கு எழுத்துச் சொற்களே வந்தால் கோப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் சேமித்த பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். லினக்ஸ் அதையும் ஓர் எழுத்தாக எண்ணிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டுத் தேடினால் சரியான சொற்கள் வந்துவிடும்.

நன்றி, வணக்கம்.