ஜன்னல் வழியே போன கோட்டை

நேயர்களுக்கு வணக்கம். பாரிசிலிருந்து வடமேற்கே, சேன் நதி பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் லெஸாந்தலி என்று ஓர் ஊர். ஊருக்கு மேலே, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை உச்சியில் ஷாத்தோ கய்யார் கோட்டை இடிந்து நிற்கிறது.

கட்டியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு. வட பிரான்சில் இருக்கும் இந்த நார்மண்டிப் பகுதிக்கும் அவரே பிரபு. இடம் நார்மண்டியின் தலைநகரான ரூவானின் பேராயருடையது; கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார். பேராயர் கோபத்தில் நார்மண்டி முழுக்கத் தேவாலயச் சடங்குகளை நிறுத்த, விவகாரம் போப் வரை போய், வேறு நிலம் கொடுத்துச் சமாதானமானது. 1196இல் ஆரம்பித்து இரண்டே வருடத்தில் முடித்தார். செலவு சுமார் 12,000 பவுன். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்துக் கோட்டைகள் அனைத்துக்கும் அவர் செலவழித்ததைவிட இது அதிகம்!

கோட்டை வெளி, நடு, உள் என்று மூன்று அடுக்கு. எனக்குப் பிடித்தது உள்கோட்டை மதில். நேராக ஓடாது, அரைவட்டம் அரைவட்டமாகப் புடைத்துக்கொண்டு, அப்பளத்தைப் பொரித்தால் ஓரம் நெளியுமே, அப்படிப் போகும். கவண்பொறி எறியும் கல் வளைவில் பட்டால் சறுக்கிவிடும். மேலிருப்பவனுக்கும் மதிலடியில் ஒளிய இடம் விடாமல் பார்க்க முடியும்.

1199இல் ரிச்சர்டு இறந்தார். தம்பி ஜான் மன்னரானார். 1203இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் முற்றுகையிட்டார். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த ஊர்மக்களை, உணவு போதவில்லை என்று தளபதி ரோஜர் டி லேசி வெளியேற்றினார். முதலில் வந்தவர்களை விட்ட பிரெஞ்சுப் படை, மிச்சம் பேரைத் தடுத்தது. நூற்றுக்கணக்கானோர் பனிக்காலத்தில் இரு படைக்கும் நடுவே புல்லைத் தின்று கிடந்தார்கள். கடைசியில் பிலிப்தான் வழி விட்டார்.

சரி, கோட்டை எப்படி விழுந்தது? வெளிக்கோட்டைக் கோபுரத்தை அடியில் சுரங்கம் தோண்டிச் சாய்த்தார்கள். நடுக்கோட்டைக்குள் கழிப்பறைக் குழாய் வழியாக ஏறினார்கள் என்பது பிரபலமான கதை. ஆனால் பிலிப்பின் சொந்தப் பாதிரியார் வில்லியம் எழுதி வைத்திருப்பது வேறு: ஜான் புதிதாகக் கட்டிய சிற்றாலயத்தின் ஜன்னல். அண்ணன் போட்ட திட்டத்தில் தம்பி வைத்த ஜன்னல்! உள்கோட்டைக்கு அகழியில் பாறையையே பாலமாக விட்டுவைத்திருந்தார்கள். மதிலடியைத் தோண்டுகிறவர்களுக்கு அதுவே பாதுகாப்பான கூரையானது. 1204 மார்ச் 6ஆம் தேதி எல்லாம் முடிந்தது. அந்தக் கோடையிலேயே ரூவானும் சரணடைந்தது.

அப்புறம் 1599இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்க உத்தரவிட்டார். கற்களைப் பக்கத்து மடத்துத் துறவிகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நெளிமதிலில் பெரும்பகுதி இன்னும் அங்கேயே இருக்கிறது.