ஃபிளாஷ் போய்விட்டது, என் பந்து இன்னும் துள்ளுகிறது

வணக்கம் மக்களே. திரையில் ஒரு சிவப்புப் பந்து துள்ளுகிறது, பாருங்கள். தரையில் மோதும்போது லேசாக நசுங்கும், கூடவே ஒரு சத்தம் வரும். அனிமேஷன் பழகிய காலத்தில் நான் செய்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை, நிழல்கூடத் தப்பான பக்கம் விழுகிறது. ஆனால் இது எஸ்டபிள்யூஎஃப் கோப்பு, அதாவது ஃபிளாஷ்: ஒருகாலத்தில் இணையத்தில் கார்ட்டூன்களும் விளையாட்டுகளும் செய்ய உதவிய மென்பொருள். 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே எதையும் ஓட்ட மறுக்கும்படி அடோபி செய்துவிட்டது. இருந்தும் இது இன்றைய பிரவுசரில், எந்த பிளகினும் (பிரவுசரோடு ஒட்டும் கூடுதல் மென்பொருள்) போடாமல் ஓடுகிறது. எப்படி என்பதற்கு வருகிறேன்.

"இப்போது வெப் அனிமேஷன் கற்றால் எதைக் கற்பது, இதுவும் ஃபிளாஷ் மாதிரி போய்விடாதா?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஃபிளாஷைப் பத்து வருடம் கற்றவர்களின் கைத்தொழிலே காலாவதியானது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். ஃபிளாஷ் அருமையான கருவி. 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் மேக்ரோமீடியா வாங்கிப் பெயரைச் சுருக்கியது, 2005-இல் அது அடோபி கைக்குப் போனது. வரைவதும் அசைப்பதும் நிரல் எழுதுவதும் ஒரே ஜன்னலில் நடக்கும். முதல் ஃபிரேமில் பந்தை மேலே வை, இருபதாவதில் கீழே வை, நடுவில் ட்வீன் போடு, இடைப்பட்ட அசைவை மென்பொருளே நிரப்பும். அவ்வளவுதான். நிரலே தெரியாத ஓவியர் மாலைக்குள் ஒரு கார்ட்டூன் முடிப்பார். புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வெக்டர் வரைபடம் என்பதால் கோப்பும் சின்னது, டயல்-அப் இணைப்பிலும் வந்து சேரும். அந்தச் சுகம் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை என்பது என் குறை.

அப்புறம் ஏன் போனது? 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய திறந்த மடல்தான் கொன்றது என்பார்கள். ஐபோனில் ஃபிளாஷ் ஏன் இல்லை என்று அதில் காரணம் அடுக்கியிருந்தார்: பாதுகாப்பு ஓட்டைகள், பேட்டரி, தொடுதிரை. தொடுதிரைக் காரணத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். அன்றைய ஃபிளாஷ் மெனுக்கள் பலவும் மவுஸை மேலே கொண்டுபோனால் விரிபவை. விரலுக்கு "மேலே கொண்டுபோவது" என்று ஒன்று கிடையாதே! மொபைல் பிளேயரை 2011-இல் அடோபியே கைவிட்டது. 2015-இல் யூட்யூப் ஹெச்டிஎம்எல்5 (இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் புதிய பதிப்பு) பிளேயரை இயல்புநிலையாக்கியது. 2017 ஜூலையில் முடிவுத் தேதி அறிவித்தார்கள், 2020 டிசம்பர் 31-இல் ஆதரவு நின்றது. ஃபிளாஷ் ஒரே நாளில் சாகவில்லை, பத்து வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

அதன் இடத்துக்கு ஹெச்டிஎம்எல்5 வந்தது என்பது பாதி உண்மை. வந்தது ஒரு கூட்டம். அசைவுக்குச் சிஎஸ்எஸ், வரைபடத்துக்கு எஸ்விஜி, விளையாட்டுக்கு கேன்வாஸ், முப்பரிமாணத்துக்கு வெப்ஜிஎல், எல்லாவற்றையும் கட்டி இழுக்க ஜாவாஸ்கிரிப்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சூட்சுமம். இதோ, இரண்டு பெட்டிகளை ஓட விட்டிருக்கிறேன். இடதுபக்கப் பெட்டியில் 'லெஃப்ட்' மதிப்பை மாற்றுகிறேன், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிரவுசர் பக்க அமைப்பை மறுபடி கணக்குப் போடுகிறது. வலதில் 'டிரான்ஸ்ஃபார்ம்'. அந்த வேலை பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். பின்னணியில் கனமான நிரலை ஓட்டினால் இடதுபக்கம் திக்குகிறது, வலது வழுக்கிக்கொண்டு போகிறது. ஃபிளாஷ் பழகியவர் இதையெல்லாம் யோசித்ததே இல்லை.

சரி, புதியது எல்லாம் நிலைக்கும், பழையது எல்லாம் போகும் என்று கணக்குப் போட்டால் அதுவும் தப்பு. ஜிஃப் 1987-இல் பிறந்தது. ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான், தர அளவில் பார்த்தால் எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டும். இன்னும் எல்லா அரட்டையிலும் ஆடிக்கொண்டிருக்கிறது. எஸ்விஜிக்குள்ளேயே அசைவு எழுதும் ஸ்மில் முறையை 2015-இல் குரோம் கைவிடப்போவதாகச் சொன்னது, பிறகு அந்த முடிவை நிறுத்திவைத்தது. இன்றும் வேலை செய்கிறது.

நான் பார்ப்பது வயதை இல்லை. இதை ஓட்டுவது யார் என்றுதான் பார்க்கிறேன். பிரவுசருக்கே தெரிந்த மொழி என்றால் நீண்ட நாள் வரும், ஏனென்றால் அதை நீக்கினால் கோடிக்கணக்கான பக்கங்கள் உடையும். வெளியிலிருந்து ஒரு பிளேயரைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும் என்றால், அந்த பிளேயரின் ஆயுள்தான் அதன் ஆயுள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்ததை இணையத்துக்குக் கொண்டுவரும் லாட்டி நடுவில் நிற்கிறது. அதற்கும் பிளேயர் வேண்டும், ஆனால் கோப்பு வெறும் ஜேசன், அதாவது எழுத்தாகவே திறந்து படிக்கக்கூடிய தரவு. பிளேயர் போனாலும் பிரித்துப் படிக்கலாம்.

இப்போது பந்துக்கு வருகிறேன். இதை ஓட்டுவது ரஃபிள். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய திறமூல ஃபிளாஷ் எமுலேட்டர், அதாவது ஃபிளாஷ் பிளேயர் போலவே நடிக்கும் மென்பொருள். பிரவுசருக்கே புரியும் வேகமான நிரல் வடிவமான வெப்அசெம்பிளியாக அது பிரவுசருக்குள் ஓடுகிறது. அதாவது ஃபிளாஷை விரட்டிய அதே திறந்த தரங்களின், அதாவது பிரவுசருக்கே தெரிந்த பொது மொழிகளின், முதுகில் ஏறித்தான் ஃபிளாஷ் திரும்பியிருக்கிறது. பழைய இணையப் படைப்புகளைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் 2020 நவம்பரில் இதை வைத்துத்தான் பழைய ஃபிளாஷ் படைப்புகளை ஓட விட்டது. பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 (ஃபிளாஷின் சொந்த நிரல்மொழியின் பதிப்புகள்) கோப்புகள் நன்றாகவே ஓடும், 3-இல் எழுதியவை சில தடுமாறும்.

எஸ்டபிள்யூஎஃப் பிழைத்தது, ஆனால் அதன் மூலமான எஃப்எல்ஏ கோப்பு என்னிடம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டது. எஸ்டபிள்யூஎஃப்பைப் பிரித்துப் படங்களை எடுக்கக் கருவிகள் உண்டு. ஆனால் நான் பெயர் வைத்து அடுக்கிய லேயர்களும் எனக்கே எழுதிக்கொண்ட குறிப்புகளும் வரவே வராது. உங்களிடம் எஃப்எல்ஏ ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

அடுத்த வீடியோவில் இதே பந்தை எஸ்விஜியும் சிஎஸ்எஸ்ஸும் வைத்து முதலிலிருந்து செய்யப் போகிறேன். நிழல் இந்தத் தடவை சரியான பக்கம் விழும்.