கைதட்டினது போதும், மொதல்ல சவுண்டைச் சரி பண்ணுங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது. கடுப்புல இருக்கேன், நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

இது 2020 கோவிட் காலம். வார இறுதியில ஒரு ஆன்லைன் கச்சேரி ஓடுச்சு. கோவிட் தன்னார்வலர்களுக்கு நிதி திரட்டுறோம்னு ஒரு புல்லாங்குழல் கலைஞரை ஜூம்ல உட்கார வச்சு, அதை அப்படியே யூடியூப் லைவ்ல விட்டாங்க. எண்ணம் நல்ல எண்ணம்தான், குறை சொல்லல. ஆனா அவங்க ஒரு ஸ்வரத்துல கார்வை கொடுத்து, அதாவது விடாம நீட்டிப் பிடிச்சு நிக்கிறாங்க, ரெண்டு மூணு நொடியில குழல் சத்தமே காணோம்! உதடு இருக்கு, விரல் இருக்கு, சத்தம் இல்ல. கமெண்ட்ல எல்லாரும் "நெட் வீக்"னு போட்டுட்டு இருக்காங்க. நெட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஜூம் ஒரு மீட்டிங் ஆப். மனுஷப் பேச்சு விட்டு விட்டுத்தான் வரும், விடாம ஒரே மாதிரி வர்ற சத்தம்னா அது ஃபேன் இல்ல ஏசின்னு அது முடிவு பண்ணிடும். குழல், வயலின், சுருதிப்பெட்டி எல்லாமே அதுக்கு ஃபேன்தான். தாள வாத்தியத்துல வேற விதமா அடி விழும். முதல் அடி டமார்னு வரும், உடனே தானா வால்யூமைக் குறைச்சிடும், அடுத்த நாலு அடி கிணத்துக்குள்ள இருந்து கேட்கும்.

ரெண்டாவது கடுப்பு இதைவிடப் பெருசு. அந்தக் கலைஞருக்கு சம்பளம் கிடையாதாம், "சேவை"யாம். 2020 மார்ச்ல இருந்து மேடையே இல்லாம உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட போய், இன்னொருத்தருக்கு உதவ சும்மா வாசிங்கன்னு கேட்கிறது என்ன நியாயம்? என் கட்சி இதுதான்: கலைஞருக்கு ஒரு தொகையை முன்னாடியே பேசி, நிகழ்ச்சிக்கு முன்னாடியே அவங்க கணக்குல போட்டுடணும். நடத்துறவங்க பத்துப் பேர் பங்கு போட்டா முடிஞ்சது. அதுக்கப்புறம் லைவ்ல வர்ற பணம் தன்னார்வலர்களுக்குப் போகட்டும், இல்ல பாதிப் பாதி போகட்டும். எதுவானாலும் அதை நிகழ்ச்சி அறிவிப்புலயே எழுதிடுங்க. பணம் வந்த பிறகு பங்கு பேசினா சண்டைதான் வரும்.

சரி, ஜூமுக்கு வர்றேன். இதுக்கு நான் நிறைய நேரம் எடுத்துக்கப் போறேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா முக்கால்வாசி நிகழ்ச்சி சொதப்புறதே இங்கதான்.

கம்ப்யூட்டர்ல ஜூம் செட்டிங்ஸ், ஆடியோ பக்கம் போனா "ஒரிஜினல் சவுண்ட்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதாவது ஜூம் வடிகட்டாம சத்தத்தை அப்படியே அனுப்புறது. அதைத் தேர்ந்தெடுக்கணும். அதுக்குள்ளயே ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட் இருக்கும், அதையும் போடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல, மோனோன்னா 96 கேபிபிஎஸ் வரைக்கும் அனுப்பும், பேச்சுக்கு அனுப்புறதைவிட நல்ல தரம். ஆனா இத்தோட வேலை முடியல! மீட்டிங் உள்ள போனதும் இடது மேல் மூலையில ஒரு பட்டன் வரும், அதையும் அழுத்தணும். 2020-ல அந்தப் பட்டன்ல எழுதியிருந்த லட்சணத்தைப் பாருங்க. "டர்ன் ஆஃப் ஒரிஜினல் சவுண்ட்"னு இருந்தா ஒரிஜினல் சவுண்ட் இப்ப ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். "டர்ன் ஆன்"னு இருந்தா ஓடலைன்னு அர்த்தம். அதாவது அது நிலைமையைச் சொல்லல, அழுத்தினா என்ன ஆகும்னு சொல்லிட்டு இருந்தது. அதைப் பார்த்துட்டு "ஐயோ ஆஃப்ல இருக்கே"ன்னு பதறி அழுத்தி, நல்லா இருந்ததைக் கெடுத்தவங்க எத்தனை பேரோ. இதை யார் யோசிச்சாங்கன்னு தெரியல, ஆனா அவங்க கச்சேரி கேட்கிற ஆள் இல்ல. அதனால அப்ப கலைஞர்கிட்ட போன்ல "ஆன் பண்ணுங்க"ன்னு சொல்ல முடியாது, "பட்டன்ல ஆஃப்னு எழுதியிருந்தா தொடாதீங்க"ன்னுதான் சொல்லணும். இப்போதைய ஜூம்ல பட்டன் நிலைமையையே காட்டும், அதனால "ஆன்"னு இருக்கான்னு பார்த்துக்கோங்க. இந்த செட்டிங்கை எல்லாம் கலைஞர் பக்கம்தான் செய்யணும். நடத்துறவங்க தன் கம்ப்யூட்டர்ல செஞ்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. கேட்கிறவங்க எல்லாரையும் மியூட்ல போட்டுடுங்க, இல்லன்னா ஒருத்தர் இருமினாலும் குழல் அமுங்கும்.

எக்கோ கேன்சலேஷன்னு பக்கத்துலயே ஒன்னு இருக்கும், ஸ்பீக்கர் சத்தம் மைக் வழியாத் திரும்பப் போகாம தடுக்கிறது. கலைஞர் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தா மட்டும் அதை எடுத்துவிடுங்க. ஸ்பீக்கர்ல கேட்டுட்டே எடுத்துவிட்டா ஊளைச் சத்தம் வரும்.

ஹெட்ஃபோன்னா ஒயர் ஹெட்ஃபோன். நான் புளூடூத்தைத் திட்டாத வீடியோவே கிடையாதுன்னு நீங்க கிண்டல் பண்றது தெரியும், இருந்தாலும் திட்டுறேன். புளூடூத் ஹெட்செட்டோட மைக்கை எடுத்துக்கிட்டா அது போன்கால் மோடுக்கு இறங்கிடும். எட்டு இல்ல பதினாறு கிலோஹெர்ட்ஸ்தான், வயலினோட பளபளப்பு எல்லாம் போச்சு. தாமதம் வேற நூறு மில்லிசெகண்டைத் தாண்டும்.

மைக் எங்க வைக்கிறது? புல்லாங்குழலுக்கு வாய்க்கு நேரா வைக்காதீங்க, காத்து அடிக்கும். ஒரு அரை மீட்டர், முக்கால் மீட்டர் தள்ளி, கொஞ்சம் மேல இருந்து விரல் பக்கம் பார்க்கிற மாதிரி வைங்க. மேளத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல தள்ளுங்க. ஃபேனை நிறுத்துங்க, ஏன்னா இப்ப சத்தத்தை வடிகட்ட ஜூம் கிடையாது, நீங்கதானே அணைச்சீங்க! வெறும் சுவர் அறைன்னா பின்னாடி ரெண்டு கனமான போர்வை தொங்கவிடுங்க. அப்புறம் இருக்கிறதுலயே சத்தமான பகுதியை முப்பது நொடி வாசிக்கச் சொல்லி, சத்த அளவைக் காட்டுற லெவல் மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவுல நிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. வார்ம்-அப்ல மெதுவா வாசிக்கிறதை வச்சு லெவல் செட் பண்ணாதீங்க. லைவ்ல உற்சாகம் வந்தா எல்லாருமே சத்தமாத்தான் வாசிப்பாங்க.

ஆங், போன்ல லைவ் பண்றவங்க ஃப்ளைட் மோட் போட்டு வைஃபை மட்டும் ஆன் பண்ணிக்கோங்க. நடுவுல கால் வந்தா லைவ் அம்பேல்.

அடுத்து, ரெண்டு பேர் ரெண்டு வீட்டுல இருந்து சேர்ந்து வாசிக்கலாமான்னு ஒவ்வொரு வீடியோவுக்கும் கேட்கிறீங்க. ஜூம்ல முடியாது. முடியவே முடியாது. சத்தம் காத்துல ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். முப்பது மில்லிசெகண்ட் தாமதம்னா பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கிற கணக்கு. அதுக்கு மேல போனா ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்து காத்திருந்து பாட்டோட வேகம் குறைஞ்சுட்டே போகும். ஜூம்ல அது நூறைத் தாண்டும். ஜாமுலஸ், சோனோபஸ், ஸ்டான்ஃபோர்ட்ல உருவான ஜாக்ட்ரிப், இதெல்லாம் இதுக்குன்னே செஞ்ச இலவச மென்பொருள். ஆனா ஈதர்நெட் ஒயர் வேணும், ஒயர் ஹெட்ஃபோன் வேணும், விண்டோஸ்னா சத்தத்துல தாமதத்தைக் குறைக்கிற ஏஎஸ்ஐஓ டிரைவர் வேணும், ரெண்டு பேரும் ரொம்ப தூரத்துல இருக்கக் கூடாது. ஒன்னு குறைஞ்சாலும் விட்டுடுங்க, தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி ஒட்டுங்க. ஒருத்தர் தாளக் கிளிக்கோட முதல் டிராக் போடட்டும், மத்தவங்க அதைக் காதுல கேட்டு வாசிக்கட்டும், எல்லாரும் ஆரம்பத்துல ஒரு கைதட்டு போடட்டும், அதை வச்சு எடிட்டிங்ல பொருத்தலாம். ஆரம்பம் சரியா இருந்து மூணாவது நிமிஷம் உதடு விலகுதா? போன் கேமரா ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம்ங்கிறதை, மாத்தி மாத்தி எடுக்கும், அதான் காரணம். ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச வீடியோ மென்பொருள்ல போட்டு கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் எடிட்டிங்ல ஏத்துங்க.

"ஒரே அறையில பத்து பேர் தள்ளித் தள்ளி நின்னு பாடினா என்ன"ன்னும் ஒருத்தர் கேட்டிருந்தார். கோவிட் பரவுற நேரத்துல வேண்டாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல 2020 மார்ச் 10-ம் தேதி ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி பண்ணாங்க. வந்தது 61 பேர். உறுதியானது, சந்தேகத்துக்குரியதுன்னு சேர்த்து 53 பேருக்குத் தொற்று, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அந்த வருஷம் மே மாசம் இதை விரிவா வெளியிட்டிருக்கு.

இப்ப பணம். திரையில க்யூஆர் கோட் போடுறீங்க, சரி. ஆனா நிறைய பேர் பார்க்கிறதே போன்லதான். தன் போன் திரையைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் பண்ணுவாங்க? அதனால லிங்க்கை பின் பண்ணின கமெண்ட்லயும், டிஸ்க்ரிப்ஷன்ல முதல் வரியிலயும் போடுங்க. க்யூஆரைச் சுத்தி வெள்ளை ஓரம் விடுங்க. திரை உயரத்துல கால்வாசியாவது இருக்கட்டும், மூலையில ஒட்டாதீங்க, பிளேயர் பட்டன்கள் அங்கதான் வந்து மறைக்கும். கலைஞருக்கு ஒரு கோட், தன்னார்வலர்களுக்கு ஒரு கோட்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கேமரா எதைப் பிடிக்கும்னு சொல்ல முடியாது, மாத்தி மாத்திக் காட்டுங்க. பணம் கேட்கிறது முதல் பாட்டு முடிஞ்சதும், நடுவுல, கடைசிப் பாட்டுக்கு முன்னாடி. கடைசிப் பாட்டு முடிஞ்சு கேட்டா கூட்டம் எந்திரிச்சுப் போயிருக்கும். லைவ் அவங்களுக்குப் பதினஞ்சு இருபது நொடி லேட்டாப் போகும், அதனால கேட்டுட்டு உடனே "யாருமே போடலையே"ன்னு மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க.

ஓவியர்கள் பத்தி ரெண்டு வார்த்தை. இங்கிலாந்து ஓவியர் மாத்யூ பர்ரோஸ் 2020 மார்ச்ல ஆர்ட்டிஸ்ட் சப்போர்ட் பிளெட்ஜ்னு இன்ஸ்டாகிராம்ல ஆரம்பிச்சார். அவர் ஆரம்பத்துல வச்ச விதி: 200 பவுண்டுக்கு மேற்படாத படைப்பை ஹேஷ்டேகோட போடணும், வித்தது 1000 பவுண்ட் சேர்ந்தா அதுல 200-க்கு இன்னொரு கலைஞரோட படைப்பை வாங்கணும். அஞ்சு வித்தா ஒன்னு வாங்கு, அவ்வளவுதான். கமிட்டி இல்ல, கணக்குப்பிள்ளை இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு, எந்த நாட்டுப் பணத்துலயும் ஓடும். பாட்டு விக்கிறவங்களுக்கு பேண்ட்கேம்ப்னு ஒரு இணையக் கடை இருக்கு, அவங்க சில வெள்ளிக்கிழமைகளை "பேண்ட்கேம்ப் வெள்ளி"ன்னு அறிவிப்பாங்க. அன்னைக்கு அவங்க கமிஷன் எடுக்கிறதில்ல, கலைஞருக்கு சராசரியா 93 சதவீதம் போகுது, மத்த நாள்ல 82. வாங்கப் போற பாட்டைக் கார்ட்ல போட்டு வச்சு அன்னைக்கு வாங்குங்க. அமெரிக்க பசிபிக் நேரக் கணக்கு, உங்க கடிகாரத்தைப் பார்த்துக்கோங்க.

இன்னொன்னு. இந்தக் கோவிட் காலத்துல நாடக உடை தைக்கிறவங்களுக்கும் வேலை இல்ல. வீடு வீடாப் போற தன்னார்வலர்களுக்குத் துணி மாஸ்க் வேணும். ரெண்டையும் சேர்த்து வைங்க, பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி கொடுத்து. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன்ல சொன்னது மூணு அடுக்கு: உள்ள பருத்தி, நடுவுல பாலிப்ரொப்பிலீன் நான்-ஓவன், வெளிய பாலியெஸ்டர் கலந்தது. பருத்தியைத் துவைச்சுட்டு வெட்டுங்க, இல்லன்னா முதல் சலவையில சுருங்கி மூக்கு வெளிய வரும். 25-க்கு 15 சென்டிமீட்டர் வெட்டு, மூணு மடிப்பு, மேல் ஓரத்துல மூக்குக் கம்பி. சூடான இஸ்திரிப் பெட்டியை வச்சா நடு அடுக்கு உருகிடும், ஜாக்கிரதை. நாள் முழுக்கப் போடுறவங்களுக்கு எலாஸ்டிக் காதை அறுக்கும், பின்தலையில கட்டுற நாடாவாத் தைங்க. நனைஞ்சா மாத்தணும், அதனால ஒருத்தருக்கு ஒன்னு பத்தாது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இதைக் கொடுக்காதீங்க, அவங்களுக்கு மருத்துவ மாஸ்க்தான். தன்னார்வலர்கள்கிட்ட போய் "என்ன வேணும்"னு கேட்டுட்டு வாங்கினா இன்னும் நல்லது. இவங்களைப் பாராட்டி சாயங்காலம் எல்லாரும் கைதட்டினதெல்லாம் சரி, ஆனா வெளிய சுத்துறவங்களுக்கு வேண்டியது கை கழுவத் தண்ணி, உட்கார ஒரு நிழல், போக ஒரு கழிவறை. உங்க கட்டடத்துல கீழ ஒரு கழிவறை பூட்டியே கிடந்தா அதைத் திறந்து விடுங்க.

முடிச்சுடலாம். உங்க ஊர்க் கலைஞர் என்ன வாத்தியம் வாசிக்கிறார்னு கமெண்ட்ல போடுங்க, மைக் எங்க வைக்கணும்னு பதில் போடுறேன். ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேனே! யூடியூப்ல முதல் தடவை லைவை எனேபிள் பண்ணினா 24 மணி நேரம் வரைக்கும் காக்க வைக்கும். போன்ல இருந்து லைவ்னா குறைஞ்சது 50 சப்ஸ்க்ரைபர் வேணும். ஞாயித்துக்கிழமை கச்சேரின்னா வெள்ளிக்கிழமையே எனேபிள் பட்டனை அழுத்திடுங்க.