கண்ணாடி அறையும் கட்டுச்சோறும்

(நவம்பர் 19 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நடந்த தேசிய நூலக வார விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளுக்கு நடுவில் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, நாற்காலி போதவில்லை என்றதும் முப்பது நாற்காலி அனுப்பிவைத்த மண்டப உரிமையாளர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் ஏற்றிய என் தமிழாசிரியர் ஐயா அவர்களே! இன்று மேடையில் ஏற்றியிருக்கிறார்கள், உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தனியாகவும் துணையோடும் போன வெளிநாட்டுப் பயணங்கள். சாப்பாடு, மொழி, பயம் என்று மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன் ஒரு பழமொழி. 'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?' வீட்டில் இதை நான் தினமும் சொல்கிறேன் என்று புகார் இருக்கிறது. இருக்கட்டும்.

1997-ல் தனியாக மலேசியா, சிங்கப்பூர் போனேன். என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு 272 படிகளில் ஏறினேன். இப்போது வாசலில் நிற்கும் 140 அடி முருகன் அப்போது இல்லை, அது 2006-ல் வந்தது. குரங்குகள் இருந்தன. பாதிப் படி ஏறுவதற்குள் ஒன்று பையில் கைவிட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டது. மேல்படியில் உட்கார்ந்து, வாழையிலையைப் பிரித்து, கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? எனக்கு அரை நாள்கூட வரவில்லை.

சிங்கப்பூரில் பொதுக் கழிப்பறையில் தண்ணீர் விடாமல் வந்தால் அபராதம். 1989-லிருந்தே சட்டம். ஊருக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தனியாகப் போன ஆம்பளைக்கு அது வேடிக்கைதான். கோபுரம் பார்த்தேன், கடல் பார்த்தேன், கடை பார்த்தேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் தேடியதில்லை.

2024-ல் ஏப்ரல் மாதம் இருவருமாக டோக்கியோ போனோம். மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவன் ஆபீஸ் போன ஒரு நாள், யோயோகி பூங்காவை ஒட்டிய சின்னப் பூங்கா ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பொதுக் கழிப்பறை. சுவர் முழுக்கக் கலர் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தெரிகிறது! ஷிகெரு பான் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2020-ல் திறந்தது. பொதுக் கழிப்பறைக்குள் போகிறவருக்கு இரண்டு கவலை: சுத்தமாக இருக்கிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா. இரண்டையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தாழ் போட்டதும் கண்ணாடி மங்கி, உள்ளே ஒன்றும் தெரியாது. மகன் முந்தின நாள் இதை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். சொல்லிக் கொடுத்த வார்த்தை எத்தனை நாளைக்கு?

"ஏங்க, கண்ணாடி ரூமுக்குள்ள எவளாவது போவாளா?" என்றாள்.

சரி, நான் போய்க் காட்டுகிறேன் என்று உள்ளே போய்த் தாழ் போட்டேன். "நான் தெரியறேனா?" என்று கத்தினேன். "சத்தந்தான் வருது, ஆள் தெரியல." "கை ஆட்டறேன், தெரியுதா?" "தெரியல." "குதிக்கிறேன்!" "வயசுக்கு ஏத்த மாதிரி இருங்க!"

அப்புறமும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: அவள் உள்ளே, நான் வெளியே குடையை விரித்துக் கண்ணாடியை மறைத்தபடி காவல். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நாய்க்குட்டியோடு வந்த ஒரு ஜப்பானியப் பாட்டி நின்றார். என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மங்கிய கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் தன் கைப்பையிலிருந்த மடக்குக் குடையை விரித்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு குடை, ஒரு நாய், நான். என் மனைவி கதவைத் திறந்தால் ஒரு வரவேற்புக் குழுவே நிற்கிறது! பாட்டி குனிந்து வணங்கினார். இவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "தரை காஞ்சு கிடக்குங்க." இரண்டாவதாக, "தண்ணி பாட்டில் குடுங்க."

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏற வேண்டுமென்றால், அவள் முதல் நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அதை ஏதோ விரதம் மாதிரி நினைத்திருந்தேன். நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை டாக்டரிடம் போனபோதுகூட, உடம்புச் சூடு, இளநீர் குடி என்றுதான் சொன்னேன். டோக்கியோவில் ரயில் நிலையம், பூங்கா, மூலைக் கடை என்று எங்கே பார்த்தாலும் கழிப்பறை. அங்கே அவள் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள்.

இன்று நவம்பர் 19. நூலக வாரம் மட்டுமல்ல, உலகக் கழிப்பறை நாளும் இன்றுதான். சிங்கப்பூர் முன்மொழிந்து 2013-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. நான் சிரித்த அதே சிங்கப்பூர்.

நம் பேருந்து நிலையத்தில் பெண்கள் பக்கத்துக் கதவில் நாலு வருஷமாகப் பூட்டுத் தொங்குகிறது. பூட்டின் மேல் சிலந்தி வலை. சாவி யாரிடம் என்று கேட்டால் குத்தகைக்காரரைக் கை காட்டுகிறார்கள், அவர் தண்ணீர்த் தொட்டியைக் கை காட்டுகிறார். அடுத்த மாதம் என்று வாக்கும் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த வார்த்தை போலத்தான் கொடுத்த வாக்கும். நகர்மன்றத் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் பொறுப்புக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, பூட்டு அதற்கும் மூத்தது.

தலைவர் மணி அடித்துவிட்டார். மொழியும் பயமும் அடுத்த நூலக வாரத்துக்கு இருக்கட்டும். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறேன். பெண்கள் பக்கத்தைத் திறக்க வேண்டும், ராத்திரி கடைசி பஸ் போகும்வரை விளக்கும் தண்ணீரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டாவது வரியில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முதல் வரி நகர்மன்றத் தலைவர் ஐயாவுக்காகக் காலியாக இருக்கிறது.