யாருடைய கை?

வணக்கம் மக்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டேன், வியர்வையைக் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் இந்தக் கையைப் பாருங்கள். மூடுகிறேன், திறக்கிறேன். மூடுகிறேன், திறக்கிறேன். அசைப்பது நான்தான், ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் உச்சந்தலைப் பக்கத்திலும் மியூ என்ற மூளை அலை கொஞ்சம் தணியும். நொடிக்கு 8 முதல் 13 தடவை துடிக்கிற அலை அது. கை ஓய்ந்திருந்தால் ஓங்கும், அசைத்தால் அடங்கும். அடுத்தவர் அசைப்பதைப் பார்த்தாலும் அடங்கும்.

2005-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆட்டிசம் உள்ள 10 பேர், இல்லாத 10 பேர் தலையில் மூளை அலைகளை அளக்கும் ஈஈஜி தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். சொந்தக் கையை அசைத்தபோது இரண்டு குழுவிலும் அலை தணிந்தது. வீடியோவில் இன்னொருவர் கையைப் பார்த்தபோது ஆட்டிசம் குழுவில் தணியவில்லை. அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், நம்ம சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் கண்டுபிடித்த கண்ணாடி நியூரான்களோடு, அதாவது தானே ஒன்றைச் செய்தாலும் அடுத்தவர் செய்வதைப் பார்த்தாலும் இயங்கும் மூளை செல்களோடு, இதை முடிச்சுப் போட்டார்கள். ஆட்டிசம் என்றால் ‘உடைந்த கண்ணாடி’ என்ற பேச்சு அப்படித்தான் பரவியது.

அதே குழு 2008-இல் செய்ததுதான் எனக்கு முக்கியம். இந்தத் தடவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தெரியாத ஒருவரின் கையையும், அவர்கள் வீட்டு ஆளின் கையையும் காட்டினார்கள். வீட்டு ஆளின் கை என்றதும் அலை தணிந்துவிட்டது! உடைந்த கண்ணாடி ஆள் பார்த்தா வேலை செய்யும்?

அப்புறம் 2010-இல் இலான் டின்ஸ்டைன் குழு, பெரியவர்களை மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் படுக்க வைத்து, கல்-தாள்-கத்தரிக்கோல் ஆட்டத்தின் கை அசைவுகளைக் காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை மற்றவர்களைப் போலவே பதில் தந்தது. ஈஈஜியிலும் ஒரு சிக்கல் உண்டு. பின்மண்டையில் வரும் ஆல்ஃபா அலையும் இதே வேகம்தான். கவனம் மாறினால் அது மாறும், மியூ மாதிரியே தெரியும்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? போன வாரம் ஆட்டிசம் உள்ள என் அக்கா மகனை ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போனோம். “கண்ணாடி நியூரானைச் சரிசெய்வோம், மூன்று மாதப் பேக்கேஜ்” என்றார்கள். நேற்று நான் தோசை வார்க்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்று காலையில் கரண்டியை வாங்கி மாவைச் சுழற்றிவிட்டு, கல்லின் ஓரத்தில் ‘டக் டக்’ என்று இரண்டு தட்டு தட்டினான். அது என் பழக்கம். ஒரு தோசையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும்.

ஆனாலும் மையத்துக்கு ஃபோன் போட்டேன். “பயிற்சி வீடியோவில் வருவது யாருடைய கை, மேடம்?”

“யார் கையாக இருந்தால் என்ன சார், டேப்லெட்டில் வரும்” என்றார்.