பெண்டிகோவுக்கு 491 விசாவில் போக நினைப்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் ஊர் பெண்டிகோ. தங்கச் சுரங்கங்களால் வளர்ந்தது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்கள் மூன்றையும் தவிர்த்து, மற்ற இடங்களையெல்லாம் ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறை பிராந்தியப் பகுதி என்று வகைப்படுத்தியிருக்கிறது. பெண்டிகோவும் அதில் அடக்கம். தொழில் திறன் உள்ளவர்கள் பிராந்தியப் பகுதிகளில் வாழ்ந்து வேலை செய்வதற்கென 2019 நவம்பரில் வந்த தற்காலிக விசாவான 491-இல் அங்கே குடியேறலாம். விசா ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். மூன்றாண்டுகளுக்குப் பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

வயது 45-க்குள் இருக்க வேண்டும். உங்கள் தொழில், அரசு வெளியிடும் தகுதியான தொழில்களின் பட்டியலில் இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவுகளிலும் குறைந்தது 6 வேண்டும். மொத்தம் 65 பாயிண்ட் வேண்டும்; அதில் 15 பாயிண்ட் மாநில நாமினேஷனால், அதாவது மாநில அரசு உங்களைப் பரிந்துரைப்பதால் கிடைக்கும். விக்டோரியாவைப் பொறுத்தவரை, மத்திய அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்பத்தைப் பதிந்தால் மட்டும் போதாது. மாநிலத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். இந்த இரண்டாவது பதிவை விட்டுவிட்டால் மாநிலம் உங்களைப் பரிசீலிக்கவே செய்யாது.

பலர் சறுக்கும் இடம் அனுபவக் கணக்கு. 34 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் 7 எடுத்தால் 10, துணைவரும் ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் 6 எடுத்தால் 5, நாமினேஷனுக்கு 15. ஆக 70. எட்டாண்டு வேலை பார்த்திருக்கிறார் என்று 15 சேர்த்து 85 எனப் பதிகிறார். ஆனால் கணினித் துறையினரின் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடும் அமைப்பான ஏசிஎஸ், பட்டம் தொழிலோடு நெருங்கியதாக இருந்தால்கூட முதல் இரண்டாண்டுகளைத் தகுதி பெறுவதற்கான காலமாகக் கழித்துவிடும். மிஞ்சுவது ஆறாண்டு, அதற்குப் 10 பாயிண்ட்தான். உண்மைக் கணக்கு 80. எண்பது இருந்தாலும் 65-ஐத் தாண்டிவிட்டதே என்று தேற்றிக்கொள்ள முடியாது. எந்த எண்ணிக்கையைச் சொல்லி விசாவுக்கு விண்ணப்பிக்கும் அழைப்பைப் பெற்றீர்களோ அந்த எண்ணிக்கையை நிரூபிக்க வேண்டும். ஐந்து குறைந்தாலும் விசா மறுக்கப்படும். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. பாயிண்டைக் கூட்டிப் போட்டால்தான் அழைப்பு வரும் என்று எந்த முகவர் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அழைப்பு வந்ததும் விண்ணப்பிக்க 60 நாள்தான் அவகாசம். ஆகவே தாள்கள் முன்பே கையில் இருக்க வேண்டும். வேலைச் சான்றிதழில் பதவிப் பெயர் மட்டும் போதாது. செய்த பணிகள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தாளில் வேண்டும். கூடவே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். கணக்கு விவரம். கடந்த பத்தாண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது தாமதமாகலாம். துணைவருக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதைக் காட்டாவிட்டால் பல ஆயிரம் டாலர் கூடுதல் கட்டணம் வரும். ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரிக் கடிதம் இருந்தாலே பல நேரம் அதைத் தவிர்த்துவிடலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஊரையும் வேலையையும் சேர்த்தே யோசியுங்கள். பெண்டிகோவில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, பெண்டிகோ வங்கியின் தலைமையகம் இருக்கிறது, அருகே ஃபாஸ்டர்வில் தங்கச் சுரங்கம் இருக்கிறது. தாலிஸ் நிறுவனம் இங்கே புஷ்மாஸ்டர் ராணுவ வாகனங்களைத் தயாரிக்கிறது. ஆனால் பாதுகாப்புத் துறை வேலைகளில் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி தேவை. அதற்கு வழக்கமாக ஆஸ்திரேலியக் குடியுரிமையும் தேவை. இயந்திரப் பொறியாளர்கள் அதையே நம்பி வரக் கூடாது.

வேலை கிடைக்காதபோது மெல்பர்ன் அழைக்கும். ரயிலில் இரண்டு மணி நேரம்தான். வீடு பெண்டிகோவில், வேலை மெல்பர்னில் என்று வைத்துக்கொள்வதை 491 விசா ஏற்காது. 8579 என்ற நிபந்தனைப்படி வாழ்வது, வேலை செய்வது, படிப்பது எல்லாம் பிராந்தியப் பகுதிக்குள் நடக்க வேண்டும். மாறாக அடிலெய்டுக்கோ பெர்த்துக்கோ இடம் மாறினால் விசா நிபந்தனை மீறப்படுவதில்லை. அவையும் பிராந்தியப் பகுதிகள்தான். முகவரியோ வேலையோ மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

191 விசாவுக்கு மூன்று நிதியாண்டுகளின் வரி மதிப்பீட்டு அறிவிப்புகள் வேண்டும். அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஐந்தாண்டு எண்ணப்படுவது விசா கொடுத்த நாளிலிருந்து. நீங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து அல்ல. ஊரில் வீட்டை விற்றுவிட்டு வருகிறேன், பிள்ளையின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று ஒன்றரை ஆண்டு தள்ளினால், மூன்று நிதியாண்டுகளைச் சேர்ப்பதற்குள் விசா முடியும் தேதி நெருங்கிவிடும். இடையில் வேலையில்லாத மாதங்களும் வரக்கூடும். ஆகவே விண்ணப்பித்தவர் மட்டுமாவது விசா வந்த ஆறு மாதத்துக்குள் முதலில் போய்ச் சேர்வது நல்லது. குடும்பம் பின்னால் வரலாம்.