தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நோயில்லாத ஆண் குழந்தைக்கு ஆண்குறியின் முன்தோலை இப்போதே நீக்குவதா, அதாவது சுன்னத் செய்வதா, காத்திருப்பதா? காத்திருக்கலாம் என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். யாருடைய இறைநம்பிக்கையையும் எடைபோட நான் எழுந்து நிற்கவில்லை. என் பேச்சு கத்தியைப் பற்றி மட்டும்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “சின்ன அறுவை. சிக்கல் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ.” ஒப்புக்கொள்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வந்த மதிப்பாய்வு, பச்சிளங்குழந்தைகளில் சிக்கலின் இடைநிலை அளவு 1.5 சதவீதம் என்றுதான் சொல்கிறது. கடுமையான சிக்கல் அபூர்வம் என்பதும் உண்மை. ஆனால் அதே மதிப்பாய்வில், வளர்ந்த பிள்ளைகளுக்கு 6 சதவீதம் என்று இருக்கிறதே, அதை ஏன் ஐயா விழுங்கிவிட்டீர்கள்?

சரி, 1.5 என்றே வைத்துக்கொள்வோம். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்து ஆபத்தையும் துணிந்து ஏற்கலாம். தராசின் மறுதட்டில் உயிர் இருக்கிறது. இங்கே மறுதட்டில் எந்த நோய் இருக்கிறது?

ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். கசிவதை டயப்பர் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தாய்க்குத் தெரியாது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா உள்ள குழந்தைக்கு அந்த நோய் இருப்பதே சில சமயம் இந்தக் காயத்தில்தான் தெரியவருகிறது. அண்ணன்மார் இருவர் இப்படி ரத்தம் போய் இறந்திருந்தால் மூன்றாவது மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூதே விலக்கு அளித்திருக்கிறது. காத்திரு என்பது ஏதோ நேற்று முளைத்த பேச்சு இல்லை, நடுவர் அவர்களே!

அடுத்து, சிறுநீர்த் துவாரம் பிறந்ததிலிருந்தே கீழே தள்ளி அமைந்த பிள்ளைகள். அதைச் சீர்செய்யும் அறுவையில் மருத்துவர் பல நேரம் பயன்படுத்துவது அந்த முன்தோலைத்தான். கவனிக்காமல் வெட்டி எறிந்துவிட்டால், பிறகு அந்தத் தோலுக்கு எங்கே போவது?

“தள்ளிப்போட்டால் ஆபத்து கூடும்” என்பார்கள். கூடும்தான். முதல் வயதுக்குள் செய்வதைவிட ஒன்று முதல் ஒன்பது வயதுக்குள் செய்தால் சிக்கல் ஏறக்குறைய 20 மடங்கு என்று 2014-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனால் பிற்காலத்தில் எத்தனை பேருக்கு இது தேவைப்படப் போகிறது? பிறக்கும்போது முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு. வருடங்கள் போகப் போகத் தானாகவே விலகும். என்றோ ஒருநாள் தேவைப்படக்கூடிய சிலருக்காக எல்லாக் குழந்தைகளையும் மேசையில் கிடத்துவது என்ன நியாயம்?

சிறுநீர்த் தொற்று குறையும் என்றார்கள். குறையும். 2005-இல் வந்த ஒரு மதிப்பாய்வின்படி, ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்குக் கத்தி வைக்க வேண்டும். தொற்று வந்தால் குணப்படுத்த மருந்து இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றும் குறையும் என்றார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். தொட்டிலில் கிடப்பவனுக்கு உடலுறவில் வரும் அந்த ஆபத்து எங்கிருந்து வந்தது?

கடைசியாக, பலரும் பேசாத ஒன்று. முன்தோல் போனபின் சில பிள்ளைகளுக்கு ஆண்குறியின் மொட்டு டயப்பரில் உரசி உரசி வீங்கும். சிறுநீர்த் துவாரம் மெல்லச் சுருங்கும். பிள்ளை நின்று சிறுநீர் கழிக்கப் பழகிய பிறகுதான், நூல் போலவும் மேல்நோக்கியும் பீய்ச்சுவதைப் பெற்றோர் பார்ப்பார்கள். அதற்கு இன்னொரு அறுவை. இரண்டு மூன்று வருடம் கழித்து வருவதால், பழைய காயத்தோடு பலரும் இதை முடிச்சுப் போடுவதில்லை.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி அம்மையார் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். சில வாரங்களோடு கண்காணிப்பு நின்றுபோன ஆய்வுகளில், இந்தப் பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?